ஏழு வெற்றிடங்கள்: கிரந்த எழுத்தும் இணையத் தரங்களும்

செங்கல்பட்டை ஒட்டிய வல்லம் குன்றில் ஒரு குடைவரை இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில், அவனுக்கு அடங்கிய ஒரு தலைவனின் மகன் கந்தசேனன் அந்தத் தேவகுலத்தைச் செய்வித்த செய்தி அங்கே தமிழ் மொழியில், தமிழ் எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. கிழக்கே கடற்கரைக்கு வந்தால், மாமல்லபுரத்துக் கணேச ரதத்திலும் தருமராச மண்டபத்திலும் உள்ள பல்லவர் கல்வெட்டுகள் வடமொழிப் பாடல்கள். அவற்றின் எழுத்து கிரந்தம். சற்றே வடக்கில், சாளுவன்குப்பத்து அதிரணசண்ட மண்டபத்தில் வடமொழிப் பாடல்களை ஒரு புறம் கிரந்தத்திலும் மறுபுறம் நாகரியிலும் பொறித்திருக்கிறார்கள். அதே ஊரில் 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு வெளிப்பட்ட பாறைக் கல்வெட்டுகள் தமிழில் உள்ளன. மணலுக்கு அடியில் கிடந்த முருகன் கோயிலுக்கு வழிகாட்டியவை அவைதாம். கடற்கரைக் கோயிலில் உள்ள இராசராசன் காலக் கல்வெட்டுகளும் தமிழே. ஆனால் இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டுகளின் பொதுவழக்கில் தொடக்கத்து மங்கலச் சொல்லும் வடமொழிப் பெயர்களும் கிரந்தத்தில் வரும். அடுத்த சொல்லிலேயே கல்தச்சரின் உளி தமிழ் எழுத்துக்குத் திரும்பிவிடும். இத்தனை சிறிய நிலப்பரப்பில் இரண்டு எழுத்துமுறைகள் அருகருகே வாழ்ந்ததற்கு இவ்வளவு சான்றுகள் கிடைப்பது அரிது. இந்தக் கல்வெட்டுகளைக் கணினியில் உள்ளது உள்ளபடி பதிந்து இணையத்தில் தேடவும் படிக்கவும் வேண்டுமானால், ஒவ்வொரு எழுத்துக்கும் உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட ஓர் எண் வேண்டும். அந்த எண்ணைக் கொடுப்பது யார், எதைக் காட்டினால் கொடுப்பார்கள், மறுப்பு எழுந்தால் என்ன செய்வார்கள் என்ற கேள்விகளுக்கு, 2009 முதல் 2014 வரை கிரந்த எழுத்தைச் சுற்றி நடந்த வழக்கைப் போலத் தெளிவான விடை தரும் நிகழ்வு தமிழுலகில் வேறில்லை.

இணையத் தரங்கள் என்று ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும் அவை ஒரே வகையாக உருவாவதில்லை. கணினிகள் ஒன்றோடொன்று பேசும் நெறிமுறைகளை வகுக்கும் இணையப் பொறியியல் பணிக்குழுவில் உறுப்பினர் பட்டியலும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. பெரும்பாலோர் இசைகிறார்களா, இயங்கும் நிரல் கைவசம் இருக்கிறதா என்ற இரண்டையுமே பார்க்கிறார்கள். பக்க வடிவமைப்பு, அணுகல்தன்மை போன்றவற்றுக்கு டிம் பெர்னர்ஸ்-லீ 1994-இல் தொடங்கிய உலகளாவிய வலைச் சேர்த்தியம் பொறுப்பு. அங்கே ஒரு வரைவு பல படிகளைக் கடந்துதான் பரிந்துரை ஆகிறது. தனித்தனியாக எழுதிய இரண்டு மென்பொருள்களாவது அதை ஒரே மாதிரி நிறைவேற்றிக் காட்ட வேண்டும் என்பது அங்கு வழக்கமான எதிர்பார்ப்பு. அந்தப் பாதையும் எப்போதும் நேராக இருந்ததில்லை. 2004-இல் எச்டிஎம்எல் மொழியை வளர்ப்பது குறித்துச் சேர்த்தியத்தோடு முரண்பட்ட ஆப்பிள், மொசில்லா, ஓப்பெரா ஆகிய உலாவி நிறுவனங்கள் தனியாக ஒரு குழுவை அமைத்தன. ஒரே மொழிக்கு இரண்டு அமைப்புகள் விதி எழுதிக்கொண்டிருந்த நிலை 2019-இல் ஓர் உடன்படிக்கையால்தான் முடிவுக்கு வந்தது. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் வலை நின்றுபோகவில்லை. தவறான விதியைக் கைவிடலாம், புதிய பதிப்பை எழுதலாம் என்ற வசதி அங்கே இருந்தது. எழுத்துகளுக்கு எண் வழங்கும் யூனிகோடு தரத்தில் அந்த வசதி இல்லை. ஒரு தரத்தைப் பின்னாளில் திருத்த முடியுமா முடியாதா என்பதை வைத்தே, அதற்கு எப்படிப்பட்ட ஒப்புதலைக் கேட்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். திருத்த முடியாத தரத்தில், தகுந்த சான்றோடு உரிய காலத்தில் எழும் ஒரு மறுப்பு தரத்தின் ஆக்கத்திலேயே ஒரு பகுதி. கிரந்த வழக்கு அதைத்தான் காட்டுகிறது.

யூனிகோடு சேர்த்தியம் 1991-இல் கலிபோர்னியாவில் பதிவான அமைப்பு. அதன் தொழில்நுட்பக் குழு ஆண்டுக்கு நான்கு முறை கூடுகிறது. புதிய எழுத்தை முன்மொழிய உறுப்பினராக இருக்கத் தேவையில்லை. யாரும் ஆவணம் அனுப்பலாம். அந்த எழுத்து அச்சிலோ ஏட்டிலோ கல்லிலோ வழங்கியதற்குப் படச்சான்று வேண்டும். ஏற்கெனவே உள்ள எழுத்துகளால் ஏன் அந்த வேலை நடக்காது என்றும் விளக்க வேண்டும். ஆவணத்துக்கு எண் இடப்படுகிறது, அது பொதுவில் வைக்கப்படுகிறது, மறுப்புகளும் அதேபோல் எண்ணிட்ட ஆவணங்களாகச் சேர்கின்றன. குழு ஏற்றால், பன்னாட்டுத் தரப்படுத்தல் நிறுவனத்தின் இணையான தரத்துக்கும் அது போகிறது. அங்கே வாக்கு நாடுகளின் தர அமைப்புகளுக்கு உரியது, இந்தியாவுக்கு இந்தியத் தரநிர்ணய அமைவனம். இரண்டு வாசல்களையும் கடந்த எழுத்து அடுத்த பதிப்பில் இடம்பெறும். இடம்பெற்றபின் அதை நீக்கக் கூடாது, வேறு எண்ணுக்கு மாற்றக் கூடாது, பெயரைத் திருத்தவும் கூடாது. இது வெறும் பிடிவாதம் அல்ல. உலகில் உள்ள கோடிக்கணக்கான கோப்புகள் அந்த எண்களால்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஓர் எண் பொருள் மாறினால் பழைய கோப்புகள் எல்லாம் வேறு ஏதோ சொல்லத் தொடங்கிவிடும். இந்த விதியின் கடுமைக்குத் தமிழ்ப் பகுதியிலேயே அடையாளம் இருக்கிறது. நம் ஆய்த எழுத்தின் அதிகாரப்பூர்வ யூனிகோடு பெயர் இன்றும் ‘தமிழ் விசர்க்கம்’ என்ற பொருளில்தான் இருக்கிறது. அதற்கு முந்தைய இடத்தில் தமிழில் வழங்காத அனுசுவாரம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது; தமிழில் பயன்படுவதில்லை என்று தரத்தின் அட்டவணையே அதன் அருகில் குறிப்பு எழுதியிருக்கிறது. பிழை என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள், ஆனால் குறிப்பு எழுதுவதற்கு மேல் எதுவும் செய்ய முடியாது.

இந்தப் பிழைகள் கலிபோர்னியாவில் பிறந்தவை அல்ல. 1980-களில் இந்திய அரசின் மின்னணுத் துறை, இந்திய எழுத்துகள் அனைத்துக்கும் பொதுவான ஒரே குறியேற்றத்தை வகுத்தது. இஸ்கி எனப்படும் அதன் 1988-ஆம் ஆண்டு வடிவத்தையே யூனிகோடு தன் முதல் பதிப்புக்கு எடுத்துக்கொண்டது. தேவநாகரியை அச்சாக வைத்து, ஒவ்வொரு மொழிக்கும் அதே வரிசையில் இடம் ஒதுக்குவது இஸ்கியின் திட்டம். ஒரு மொழியில் இல்லாத எழுத்துக்கு நேரே வெற்றிடம் விட்டார்கள். அகரம் ஏறிய மெய், உயிர்க்குறி, புள்ளி என்று பிரித்து அடுக்கும் முறையும் அங்கிருந்து வந்ததே. தமிழின் 247 எழுத்துகளில் 12 உயிர், ஓர் ஆய்தம், 18 அகர உயிர்மெய் என 31-க்கு மட்டும் தனி எண் கிடைத்தது. மற்ற 216 எழுத்துகளும் இரண்டு எண்களின் தொடராக எழுதப்படுகின்றன. இது சரியா தவறா என்று தமிழறிஞர்களிடையே விரிந்த விவாதம் நடந்தது, ஆனால் தரம் வெளிவந்து ஆண்டுகள் கடந்த பிறகுதான் நடந்தது. 1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ் இணைய மாநாடும், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாடும், அதில் உருவான தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியேற்றங்களும், சுவிட்சர்லாந்திலும் மலேசியாவிலும் இன்னும் பல நாடுகளிலும் இருந்த ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியே வகுத்த திஸ்கியும், 2000-இல் தோன்றிய உத்தமம் அமைப்பும் அந்தப் பத்தாண்டின் உழைப்புக்குச் சாட்சிகள். அந்த உழைப்பு வீணாகவில்லை. தமிழ்99 இன்றும் வாழ்கிறது. ஆனால் எழுத்துக்கு எண் கொடுக்கும் வாசல் அதற்குள் மூடியிருந்தது.

இந்தப் பின்னணியில்தான் கிரந்தம் வந்து நின்றது. 2009-இல் நாக. கணேசனும் ஸ்ரீரமண சர்மாவும் கிரந்தத்தைத் தனி எழுத்துமுறையாகக் குறியேற்றம் செய்யத் தனித்தனியே முன்மொழிவுகள் அனுப்பினார்கள். தேவை உண்மையானது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதி 1890-இல் வெளிவந்தபோது அதில் முதலாவதாக இடம்பெற்றது மாமல்லபுரத்துத் தருமராச ரதத்தின் கல்வெட்டு. அந்த வரிசையின் பல தொகுதிகளில் தமிழ் அச்செழுத்தும் கிரந்த அச்செழுத்தும் கலந்தே கோக்கப்பட்டிருக்கின்றன. காகிதத்தில் முடிந்தது கணினியில் முடியவில்லை. கிரந்தப் பகுதிகளைத் தேவநாகரியிலோ உரோமன் எழுத்திலோ மாற்றி எழுத வேண்டியிருந்தது. எந்தச் சொல்லைச் சிற்பி எந்த எழுத்தில் வெட்டினார் என்ற செய்தியே அதில் அழிந்துவிடும். கல்வெட்டு ஆய்வில் அது சிறிய இழப்பு இல்லை. 2010-இல் இரண்டு புதிய ஆவணங்கள் நிலைமையை மாற்றின. ஒன்று, வடமொழி ஒலிகளுக்கான 26 குறியீடுகளைத் தமிழ் எழுத்தின் நீட்சியாகச் சேர்க்கும் முன்மொழிவு. மற்றது, கிரந்தத்துக்காக இந்திய அரசு அனுப்பிய முன்மொழிவு. அரசின் வரைவில் கிரந்தப் பகுதிக்குள் எ, ஒ, ழ, ற, ன ஆகிய ஐந்து தமிழ் எழுத்துகளும் குறில் எகர, ஒகரக் குறிகள் இரண்டும் சேர்க்கப்பட்டிருந்தன. தமிழ்ப் பெயர்களையும் சொற்களையும் கிரந்தத்தில் எழுதவேண்டி வந்தால் இந்த ஏழும் தேவைப்படும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

எதிர்ப்பு தமிழ்நாட்டில் வேகமாக எழுந்தது. திராவிடர் கழகத் தலைவர் கி. வீரமணியும் தமிழறிஞர்களும் கணித்தமிழ் வல்லுநர்களும் குரல் கொடுத்தார்கள். 2010 நவம்பரில் முதல்வர் மு. கருணாநிதி முடிவை ஒத்திவைக்கக் கோரி ஒன்றிய அரசுக்கு எழுதினார். தமிழே அழிந்துவிடும் என்ற அளவுக்குச் சில மேடைகளில் பேசப்பட்டது. அது மிகை. தனிப் பகுதியில் ஓர் எழுத்துமுறைக்கு இடம் கொடுப்பதால் தமிழ்ப் பகுதியின் ஓர் எண்ணும் அசைவதில்லை. கிரந்தம் குறியேற்றம் பெற்றதால் யாருடைய தமிழும் கெட்டுவிடாது. ஆனால் அந்த மிகையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் உள்ளே ஒரு திடமான வாதம் இருந்தது: அந்த ஏழும் கிரந்த எழுத்துகளே அல்ல. இதற்குச் சான்று தொலைவில் இல்லை. காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த பல்லவர் செப்பேட்டில் வடமொழிப் பகுதி கிரந்தத்திலும் தமிழ்ப் பகுதி தமிழ் எழுத்திலும் இருக்கின்றன. காசாக்குடிச் செப்பேடும் அப்படியே. பல்லவர் அவையில் இரண்டு மொழிகளையும் ஒரே ஆவணத்தில் எழுத வேண்டி வந்தபோது, ஓர் எழுத்துமுறையை வளைத்து மற்ற மொழியை அதற்குள் அடைக்கவில்லை, எழுத்துமுறையையே மாற்றிக்கொண்டார்கள். வல்லம் முதல் சாளுவன்குப்பம் வரை உள்ள கற்களும் அதே வழக்கத்தைத்தான் சொல்கின்றன. மொழி மாறும் இடத்தில் எழுத்தும் மாறுகிறது என்றால், கணினியிலும் அதையே செய்யலாம். ஒரே வரியில் இரண்டு எழுத்துமுறைகள் வருவதை யூனிகோடு தடுப்பதில்லை, உண்மையில் அதற்காகவே அது வடிவமைக்கப்பட்டது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு. உரோமன், கிரேக்கம், சிரில்லிக் மூன்றிலும் ‘ஏ’ என்னும் பேரெழுத்துக்குக் கண்ணுக்கு வேறுபாடே கிடையாது. ஆனாலும் யூனிகோடு மூன்றுக்கும் மூன்று எண் தந்திருக்கிறது. ஓர் எழுத்துமுறை தன்னளவில் முழுமையாக இருக்க வேண்டும் என்ற கொள்கையின் பயன் அது. அப்படியிருக்க, கிரந்தத்துக்கும் ஒரு ழகரம் கொடுத்தால் என்ன? வேறுபாடு இதுதான்: அந்த எழுத்து கிரேக்கருக்கும் உருசியருக்கும் அவரவர் நெடுங்கணக்கின் பிறப்பெழுத்து. ழ, ற, ன மூன்றும் கிரந்த நெடுங்கணக்கில் இல்லை. வடமொழிக்கு அவை தேவைப்படாததால் இடம்பெறவில்லை. குறில் எகரமும் ஒகரமும் அப்படியே. ஒரு சில கையெழுத்துகளில் கிரந்தத்தின் நடுவே ழகரம் வந்தால் அது கடன் வாங்கிய தமிழ் எழுத்து. தமிழ்ப் பகுதியில் அதற்கு ஏற்கெனவே எண் இருக்கிறது. ஒரே எழுத்துக்கு இரண்டு எண் கொடுப்பதன் விளைவு தேடலில் முதலில் தெரியும்: ஒருவர் தமிழ் ழகரத்தால் தேடுவார், ஆவணம் கிரந்த ழகரத்தால் பதிவாகியிருக்கும், ஊர்ப்பெயர் கிடைக்காமல் போகும். இணைய முகவரிகளில் அது ஏமாற்றுக்கும் இடம் கொடுக்கும். கண்ணுக்கு ஒன்றாகவும் எண்ணில் வேறாகவும் உள்ள எழுத்துகளைக் கலந்து போலி முகவரி உருவாக்குவது உலகம் அறிந்த மோசடி. ஆக, மறுப்பாளர்கள் மொழிப்பற்றால் சொன்ன முடிவும் தரத்தின் சொந்த நெறிகள் கொண்டுவரும் முடிவும் இந்த ஒரு புள்ளியில் ஒன்றே.

முடிவு 2014 ஜூனில் வெளிவந்த யூனிகோடு 7.0 பதிப்பில் தெரிந்தது. அந்தப் பதிப்பு சேர்த்த 23 எழுத்துமுறைகளில் கிரந்தமும் ஒன்று. 128 இடங்கள் கொண்ட தனிப் பகுதி அதற்குக் கிடைத்தது, தமிழ்ப் பகுதியிலிருந்து வெகு தொலைவில். அந்த ஏழில் ஒன்றும் அதில் இல்லை. இஸ்கி வழிவந்த அதே அடுக்குமுறையை இங்கும் பின்பற்றியிருப்பதால், தமிழ்ப் பகுதியையும் கிரந்தப் பகுதியையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம். தமிழில் ஒகரம் இருக்கும் இடத்துக்கு நேரே கிரந்தத்தில் 11312 வெற்றிடம். னகரத்துக்கு நேரே 11329, றகரத்துக்கு நேரே 11331, ழகரத்துக்கு நேரே 11334, குறில் எகரக் குறிக்கு நேரே 11346. இந்தப் பதினாறடிமான எண்கள் எதற்கும் எழுத்து ஒதுக்கப்படவில்லை. மற்ற இரண்டும் அப்படியே காலி. பாதியில் கைவிடப்பட்ட ஏற்பாடு அல்ல இது. கிரந்தத்துக்கெனத் தனி எண்ணுருக்கள் சேர்க்காமல், தமிழ் எண்ணுருக்களையே இரண்டு எழுத்துமுறைகளுக்கும் பொது என்று தரம் தன் தரவுக் கோப்பில் குறித்திருக்கிறது. கிரந்தப் பகுதியில் உள்ள சில குறிகளும் அதேபோல் தமிழுக்கும் பொதுவானவை என்று குறிக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு முறைகளும் ஒன்றுக்கொன்று கடன் கொடுத்து வாங்கியதை, எழுத்தை இரட்டிப்பாக்காமல் பதிவுசெய்யும் வழி அது. தமிழ் எழுத்தின் நீட்சியாக 26 குறியீடுகளைச் சேர்க்கும் முன்மொழிவு தரத்தில் இடம்பெறவே இல்லை. முதலில் கேட்ட எதுவும் அப்படியே நிறைவேறவில்லை. ஆனால் மாமல்லபுரத்துக் கல்வெட்டைப் பதிய இப்போது எழுத்து இருக்கிறது, வல்லத்துக் கல்வெட்டின் எழுத்து தொடப்படாமலும் இருக்கிறது.

இந்த வழக்கை வேறு விதமாகப் படிப்பவர்களும் உண்டு. தொழில்நுட்ப வினாவில் அரசியல் நுழைந்தது, நான்கு ஆண்டுகள் வீணாயின, அந்தக் காலத்தில் கல்வெட்டு ஆய்வாளர்களும் ஏட்டுச்சுவடி நூலகங்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றனர் என்பது அவர்கள் வாதம். தாமதத்தின் செலவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இரண்டு செலவுகளையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும். நான்கு ஆண்டு தாமதம் நான்கு ஆண்டில் முடிந்துபோகிறது. தவறான எழுத்துக்குக் கொடுத்த எண் முடிவதே இல்லை. ஆய்தத்தை விசர்க்கம் என்று அழைத்துக்கொண்டிருக்கும் தரம் முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. உலாவி விதி ஒன்றில் இதே சண்டை நடந்திருந்தால், வெளியிட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்பதே சரியான அறிவுரையாக இருந்திருக்கும். மீளமுடியாத தரத்தில் அந்த அறிவுரை செல்லாது. அரசியல் நுழைந்தது என்ற குற்றச்சாட்டிலும் பாதியே உண்மை. முதல்வரின் கடிதம் கால அவகாசத்தை மட்டுமே வாங்கித் தந்தது. எந்த எழுத்து கிரந்தத்தைச் சேர்ந்தது என்று ஒரு கடிதத்தால் நிறுவ முடியாது. அதை ஏடுகளும் செப்பேடுகளும் கல்லும்தான் நிறுவ வேண்டும். அவகாசம் கிடைக்காமல் சான்று மட்டும் இருந்திருந்தால் அது பயன்பட்டிருக்காது. சான்று இல்லாமல் கூச்சல் மட்டும் எழுந்திருந்தால், சில மாதங்கள் கழித்துக் குழு பழைய வரைவுக்கே திரும்பியிருக்கும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: தமிழ் எழுத்தின் தலைவிதியை அமெரிக்காவில் உள்ள ஒரு நிறுவனக் கூட்டமைப்பு ஏன் எழுத வேண்டும்? முழு வாக்குரிமைக்குப் பெருந்தொகை கட்டணம் செலுத்தும் பன்னாட்டு நிறுவனங்களே அங்கே பெரும்பான்மை. இந்த முறைப்பாட்டில் நியாயம் இருக்கிறது. ஆயினும் வரலாறு வேறொன்றையும் சொல்கிறது. தமிழ்ப் பகுதியில் இன்றும் உறுத்தும் பிழைகள் அந்த நிறுவனங்களிடமிருந்து வரவில்லை, இந்திய அரசின் தரத்திலிருந்து வந்தன. 2010-இல் அந்த ஏழு எழுத்துகளைக் கேட்டதும் தில்லிதான். ஒரு மொழி பேசுவோரின் அரசமைப்பு அவர்களுக்காகப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு அவர்களிடமே கேட்காமல் போவது, வெளியாள் கேட்காமல் போவதைவிடக் குறைந்த ஆபத்து இல்லை. யாரும் ஆவணம் அனுப்பலாம், எல்லா ஆவணமும் பொதுவில் இருக்கும் என்ற விதிகள் இல்லாமல் போயிருந்தால், அரசின் வரைவில் என்ன இருந்தது என்பதே தமிழ்நாட்டுக்குத் தெரிந்திருக்காது. வாக்கு சிலரிடம் இருப்பது குறை. ஆனால் ஆவணம் எல்லோருக்கும் திறந்திருப்பது அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. தமிழ்நாட்டு அரசு தானும் சேர்த்தியத்தில் உறுப்பினராக இருந்திருப்பது இன்னும் கொஞ்சம் ஈடுசெய்கிறது.

கடைசியாகக் கொரியாவை நினைவுபடுத்துபவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். தமிழுக்கு 247 எழுத்துகளையும் தனித்தனி எண்ணாகத் தரவேண்டும் என்று கோருவோர், கொரிய மொழிக்கு 11,172 அசையெழுத்துகளுக்குத் தனி எண் கிடைத்ததைச் சுட்டுவார்கள். கேள்வி நியாயமானது, 11,172-க்கு இடம் இருந்தபோது 247-க்கு இல்லாமல் போனது இடப் பற்றாக்குறையால் அல்ல. கொரியாவின் தேசியத் தரமே அசைகளை முழு எழுத்துகளாகக் கொண்டிருந்தது, இந்தியாவின் தேசியத் தரம் இஸ்கியாக இருந்தது. கொரிய எழுத்துகள் 1996-இல் வெளிவந்த யூனிகோடு 2.0 பதிப்பில் மொத்தமாக இடம் மாற்றப்பட்டன. அதனால் பழைய கோப்புகள் குழம்பிய அனுபவத்துக்குப் பிறகே இனி எதையும் நகர்த்துவதில்லை என்ற உறுதி பிறந்தது. கொரியர்கள் வாசல் மூடும் முன் உள்ளே போனார்கள், அவர்கள் போன விதமே வாசல் மூடக் காரணமாகவும் ஆயிற்று. 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டுக் காலத்தில் தமிழ்நாட்டு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டபோது, 247 எழுத்துகளுக்கும் எண் தரும் டேஸ்16 குறியேற்றத்தையும் மாற்றாக ஏற்றது. அது தனியார் பயன்பாட்டுக்கென யூனிகோடு விட்டுவைத்துள்ள பகுதியில் இயங்குவது. இரு தரப்பும் முன்கூட்டிப் பேசி வைத்துக்கொண்டால் வேலை செய்யும், திறந்த வலையில் அந்த உடன்பாட்டை யாரும் எதிர்பார்க்க முடியாது. ‘நி’ என்பது இரண்டு எண்களானாலும் படிப்பவருக்கு ஓர் எழுத்தே என்ற உண்மையை யூனிகோடு வேறு வழியில் ஏற்றுக்கொண்டிருக்கிறது: எழுத்துக்கூட்டுகளை எல்லை பிரிக்கும் விதியில் ‘நி’ ஓர் எடுத்துக்காட்டாகவே வருகிறது, தமிழ் மெய்களுக்கும் உயிர்மெய்களுக்கும் தொடர்ப்பெயர்ப் பட்டியலில் பெயர்களும் தரப்பட்டுள்ளன. கேட்டது கிடைக்கவில்லை, ஆனால் கேட்டதன் பின்னே இருந்த தேவையில் பெரும்பகுதி நிறைவேறியது.

கிரந்த வழக்கின் பாடத்தைத் தமிழ்நாடு அடுத்த வழக்கில் பயன்படுத்தியதாகவே தோன்றுகிறது. முந்திரி, காணி, மா போன்ற கீழ்வாய் இலக்கக் குறிகளும், செவிடு, ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு முதலிய அளவைக் குறிகளும், பழைய கணக்கேடுகளின் பிற அடையாளங்களும் சேர்ந்த 51 எழுத்துகள் 2019 மார்ச்சில் யூனிகோடு 12.0 பதிப்பில் தமிழ் நிரப்புப் பகுதியாக வந்தன. முதல் முன்மொழிவுக்கும் இறுதி ஏற்புக்கும் இடையே பல ஆண்டுகள் ஓடின. அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டு வல்லுநர்களின் கருத்துகள் எதிர்ப்பு மேடைகளிலிருந்து வராமல் ஆவணங்களாகச் சென்று சேர்ந்தன. கணக்கேட்டுச் சுவடிகளையும் பழைய பத்திரங்களையும் அவை வழங்கும் குறிகளோடு பதிய இன்று முடியும். எண் கிடைத்தவுடன் எழுத்து திரையில் வந்துவிடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிரந்தக் கூட்டெழுத்துகளைச் சரியாக அடுக்கும் எழுத்துருவும், அதைப் புரிந்துகொள்ளும் உரு அமைப்பு நிரலும், அவற்றை ஏற்கும் இயங்குதளமும் உலாவியும் வேண்டும். கூகுளின் நோட்டோ எழுத்துருக் குடும்பத்தில் கிரந்தமும் சேர்ந்திருப்பதால் யாரும் அதை இலவசமாகப் பயன்படுத்தலாம். அதற்கும் மேல்தளத்தில், வரி எங்கே முறிய வேண்டும், பத்தியின் முதலெழுத்தைப் பெரிதாக்கும்போது எவ்வளவை ஓர் எழுத்தாகக் கொள்ள வேண்டும், எழுத்திடை வெளி கொடுக்கும்போது உயிர்க்குறி மெய்யை விட்டு விலகாமல் எப்படிக் காக்க வேண்டும் என்ற வினாக்கள் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் இந்திய மொழிகளுக்கான பக்க அமைப்பு ஆவணங்களில் இன்னும் எழுதப்பட்டு வருகின்றன. அங்கே பிழை நேர்ந்தால் திருத்தலாம். அதனாலேயே அங்கே மாநாடும் கடிதமும் தேவையில்லை. சிறுசேரியிலும் பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் உலாவிகளோடும் எழுத்துருக்களோடும் நாள்தோறும் பழகும் பொறியாளர்களில் ஒருவர், ‘க்ஷ’ வரும் ஒரு தமிழ்ச் சொல்லில் எழுத்திடை வெளி கொடுத்து, அது எந்த உலாவியில் எப்படி உடைகிறது என்று படம் எடுத்து அந்த ஆவணத்துக்கு அனுப்பினால் போதும்.